விழுந்தாலும் சிரிப்பு! மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் விடும் வாலிபர்கள்: சானமாவு காட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்!

ஓசூர்-

தார் ரோடு வேண்டாம். மண் ரோடு போதும். பள்ளம் இருந்தால் நல்லது. பாறை இருந்தால் ரொம்ப நல்லது. சேறு இருந்தாலோ கேட்கவே வேண்டாம், கொண்டாட்டம்தான்!

இப்படியும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். மத்தியானம் திரும்பும்போது பார்க்க வேண்டுமே! தலை முதல் கால் வரை செம்மண். முழங்கையில் சிராய்ப்பு. வண்டியில் ஒரு இண்டிகேட்டர் இருக்காது. பிரேக் லீவர் வளைந்து கிடக்கும். ஆனால் முகத்தில் மட்டும் சிரிப்பு மாறாது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் பிட்டர்கள் உண்டு. கடை வைத்திருப்பவர்கள் உண்டு. மண்ணில் இறங்கி விட்டால் முதலாளியும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது. எல்லோர் முகத்திலும் ஒரே புழுதி!

இந்த ஆட்டத்துக்கு ஓசூர் சுற்று வட்டாரம் தோதான இடம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். வெயில் கடுமை குறைவு. செம்மண் காடு, கரடு, பாறை, ஏரி, ஓடை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெங்களூரில் இருந்து 40 கிலோ மீட்டர்தான்.

ஆனால் அதே பக்கத்தில்தான் சானமாவு காடும் இருக்கிறது. அங்கே வேறு ஒருவர் வந்து தங்குகிறார். அவர் பெயர் யானை! அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் மண் ஆட்டத்தைப் பார்ப்போம்.

எப்படி வந்தது?

இந்த விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்தது. 1924-ம் ஆண்டு கேம்பர்லி என்ற ஊரில், ரோடு இல்லாத மேட்டிலும் பள்ளத்திலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். யார் முதலில் வருகிறார் என்பதுதான் கணக்கு. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு "மோட்டோகிராஸ்" என்று பெயர் வைத்தார்கள். 1957-ம் ஆண்டு முதல் உலக சாம்பியன் பட்டமே வழங்கப்பட்டு வருகிறது.

இதில் பல வகை உண்டு. மேடு பள்ளம் உள்ள வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது மோட்டோகிராஸ். மைதானத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டி, மேடு கட்டி, அதில் இருந்து வண்டியோடு பறப்பது சூப்பர்கிராஸ். ஊர் விட்டு ஊர், பாலைவனம் தாண்டி நாள் கணக்கில் ஓட்டுவது ராலி. இவை எல்லாம் பந்தயம்.

பந்தயமே இல்லாமல், சும்மா ஆசைக்கு, நாலு நண்பர்கள் சேர்ந்து மண் பாதையில் போய் வருவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இந்த வகைதான். இதில் பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. கை வலியும் கால் வலியும்தான் மிச்சம்!

அப்படி என்ன சுகம்?

அப்புறம் எதற்கு இந்த வேலை? வீட்டில் இருக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். "நல்ல ரோடு போட்டு வைத்திருக்கிறான். அதை விட்டுட்டு ஏண்டா கல்லுக்குள்ளே போறே?" என்று கேட்காத தாய் இல்லை.

விஷயம் இதுதான். தார் ரோட்டில் வண்டி ஓடுகிறது, ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான். மண்ணில் அப்படி நடக்காது. ஒவ்வொரு அடியும் ஓட்டுகிறவனுக்கு வேலை. முன் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். பின் சக்கரம் இன்னொரு பக்கம் வழுக்கும். கை கிளட்சில், கால் பிரேக்கில், கண் 20 அடிக்கு முன்னால். ஆபீஸ் பைல், கடைக் கணக்கு, வட்டிக்காரன், மேனேஜர் எதையும் நினைக்க நேரம் இல்லை. நினைத்தால் அடுத்த நிமிடம் மண்ணில்தான் கிடக்க வேண்டும்!

அரை மணி நேரம் ஓட்டினால் சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு வேர்க்கும். தொடையும் முன்னங்கையும் இறுகிப் போகும். இது உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை, உடற்பயிற்சி. பெரிய பந்தய வீரர்கள் வண்டி ஓட்டும் நேரத்தை விட ஓட்டம், சைக்கிள், கசரத்து என்று உடம்பைத் தேற்றும் நேரம்தான் அதிகம்.

இன்னொரு சுகமும் உண்டு. தார் ரோட்டில் 30 கிலோ மீட்டர் வேகம் என்றால் மாட்டு வண்டிக்காரன் கூடச் சிரிப்பான். கல்லுப் பாதையில் 30 என்றால் நெஞ்சு படபடக்கும். கொஞ்ச வேகத்திலேயே பெரிய சாகசம்! விழுந்தாலும் அடி குறைவு. எதிரே லாரி வராது. பஸ் உரசாது.

கடைசியாக ஒன்று. இதில் தனி ஆள் ஆட்டம் செல்லாது. ஓடையில் வண்டி மாட்டிக்கொண்டால் நாலு பேர் பிடித்துத் தூக்கினால்தான் உண்டு. "தூக்கு, தூக்கு... விடாதே!" என்று கத்திக்கொண்டே முன் பின் தெரியாதவனும் கை கொடுப்பான். சேற்றில் விழுந்தவனைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், அடுத்த நொடி ஓடி வந்து தூக்குவார்கள். அதற்குப் பிறகு ரோட்டோர டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கணக்கில் டீ. இந்தச் சிநேகிதம் காசு கொடுத்துக் கிடைக்காது.

வண்டி வேறு, டயர் வேறு

எல்லா வண்டியும் இதற்கு ஆகாது. மண் வண்டி என்றால் பார்த்ததுமே தெரியும். ஒட்டகம் மாதிரி உயரமாக நிற்கும். முன் சக்கரம் பெரியது, 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் ஏறிக் கடக்கும். டயரில் கட்டை கட்டையாகப் பல் இருக்கும். அது மண்ணைக் கவ்வும். என்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு. கல் பட்டாலும் என்ஜின் உடையாது. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் மேலே கைக்குக் காப்பு.

நம் நாட்டில் சாதாரண ஆள் வாங்கும்படியான இப்படிப்பட்ட வண்டி வெகு காலம் கிடையாது. 1990களில் கையில் கிடைத்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றித்தான் மண் பந்தயத்தில் ஓட்டினார்கள். ஓசூரில் செய்த சுசுகி ஷோகன், மற்றும் யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற வண்டிகளுக்கு அப்போது ஏக கிராக்கி.

2011-ம் ஆண்டு ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்ற வண்டியை விட்டது. விற்பனை எடுபடவில்லை, நிறுத்தி விட்டார்கள். 2016-ம் ஆண்டு ராயல் என்பீல்டின் ஹிமாலயன் வந்தது. 2019-ம் ஆண்டு ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. அதன் பிறகுதான் குமாஸ்தாவும் கடைக்காரரும் வாங்கும்படி மண் வண்டி கிடைத்தது. எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் அடிவயிறு தரையில் இருந்து 220 மில்லி மீட்டர் உயரம். முன் ஷாக் அப்சார்பர் 190 மில்லி மீட்டர் வரை அமுங்கி எழும்.

வெளிநாட்டில் இருந்து வரும் சுத்தப் பந்தய வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் ஓட்டக்கூடாது. வேனில் ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு சானமாவு, உத்தனப்பள்ளி கிராமத்துப் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். அவர்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் முன்னால் பால் கேன், பின்னால் ஒரு கட்டுப் புல் வைத்துக்கொண்டு இதே பாதையில்தான் தினமும் போய் வருகிறார்கள். தக்காளிக் கூடை, ரோஜாப்பூ மூட்டை எல்லாம் அதில்தான். முழங்காலுக்குக் காப்பும் இல்லை, மார்புக்குக் கவசமும் இல்லை. உண்மையான மண் ரோட்டு வீரர்கள் அவர்கள்தானே!

நின்று ஓட்டும் வித்தை

புதிதாக வருகிறவர் செய்யும் முதல் தப்பு, சீட்டில் உட்கார்ந்தே ஓட்டுவது. மண்ணில் எழுந்து நிற்க வேண்டும். கால் மிதி மேல் நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்வி, முழங்கையை வெளியே விரித்துப் பிடித்தால் வண்டி என்ன ஆட்டம் போட்டாலும் ஆள் ஆடமாட்டான். முழங்கால்தான் மூன்றாவது ஷாக் அப்சார்பர்!

இரண்டாவது தப்பு, முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல்லைப் பார்ப்பது. எதைப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் முட்டும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மணலில் பயந்து போய் முன் பிரேக்கைப் பிடிப்பது. பிடித்தால் முன் சக்கரம் மடங்கி ஆள் முன்னால் போய் விழுவான். மணலில் உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஆக்சிலேட்டரை விடாமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும்.

காற்றிலும் வித்தை இருக்கிறது. ரோட்டில் 25 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை மண்ணில் இறங்கும் முன் 18, 20 பவுண்டுக்கு இறக்குவார்கள். டயர் சற்றுப் பரந்து மண்ணை நன்றாகப் பிடிக்கும். திரும்பும்போது மறக்காமல் காற்று அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும்.

ஓசூருக்குப் பெரிய பங்கு

இந்த ஆட்டத்துக்கும் ஓசூருக்கும் உள்ள சம்பந்தம் சும்மா பக்கத்து ஊர்ச் சம்பந்தம் இல்லை. 1980-ம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூர் தொழிற்சாலையில் இருந்துதான். இரண்டே வருடத்தில், 1982-ம் ஆண்டு, அந்தக் கம்பெனி சொந்தமாகப் பந்தய அணியைத் தொடங்கி விட்டது. அன்று முதல் தார் பந்தயம், மண் பந்தயம், ராலி மூன்றிலும் ஓசூர் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டமே இரு சக்கர வாகன மாவட்டம் ஆகி விட்டது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று பேட்டரி வண்டிக் கம்பெனிகளும் வந்து விட்டன.

உலகத்தில் உள்ள மண் பந்தயங்களில் மகா கடினமானது டக்கார் ராலி. 1978-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி பாரிஸ் நகரத்தில் இருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகரத்துக்கு முதல் பந்தயம் கிளம்பியது. இதை ஆரம்பித்த தியரி சபீன் என்பவர் அதற்கு முந்தைய வருடம் லிபியா பாலைவனத்தில் வழி தவறி, உயிர் தப்பி வந்தவர். 1986-ம் ஆண்டு அதே பந்தயத்தின்போது ஹெலிகாப்டர் விபத்தில் பலியானார். பிறகு பந்தயம் தென் அமெரிக்காவுக்குப் போய், 2020-ம் ஆண்டு முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. 2 வாரம் ஓட்டம். சுமார் 8 ஆயிரம் கிலோ மீட்டர். வழி காட்ட ஆள் கிடையாது. குறிப்புப் படத்தைப் பார்த்துத் தானே வழி கண்டுபிடிக்க வேண்டும்.

2015-ம் ஆண்டு டி.வி.எஸ். கம்பெனி பிரான்ஸ் நாட்டு ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து இந்தப் பந்தயத்தில் இறங்கியது. 2017-ம் ஆண்டு அந்த அணியில் கர்நாடகத்தைச் சேர்ந்த கே.பி.அரவிந்த் கலந்துகொண்டார். முதல் இரண்டு தடவையும் முடிக்க முடியவில்லை. அசரவில்லை மனிதர். மூன்றாவது தடவை, 2019-ம் ஆண்டு, முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்தார்.

அடுத்து வந்தவர் ஹரித் நோவா. கேரளாவில் பாலக்காடு மாவட்டம் ஷொரனூர்க்காரர். சூப்பர்கிராஸ் மைதானத்தில் தேசிய சாம்பியனாக இருந்தவர். 2021-ம் ஆண்டு டக்காரில் 20-வது இடம் பிடித்தார். 2024-ம் ஆண்டு 11-வது இடம். அதோடு "ராலி 2" என்ற பிரிவில் முதல் இடம்! டக்காரில் ஒரு பிரிவில் இந்தியர் வென்றது அதுவே முதல் தடவை.

பெண் புலி

ஆண்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் நடந்த பந்தயத்தில் விழுந்து, வயிற்றுக்குள் பலத்த காயம் அடைந்தார். இனி வண்டி பக்கமே போகமாட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறு வருடமே, 2019-ம் ஆண்டு, பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் முதல் இடம்! மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

விழுந்தால்...?

சிரிப்பும் சாகசமும் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ்தான் மோட்டார் சைக்கிளில் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். 2015-ம் ஆண்டு 36-வது இடம் பிடித்தார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் சவூதி பாலைவனத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்து கொடுத்து மயக்க நிலையிலேயே வைத்து டாக்டர்கள் காப்பாற்றினார்கள். ஹரித் நோவாவும் 2025-ம் ஆண்டு டக்காரில் ஆரம்பத்திலேயே விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து விலக வேண்டியதாயிற்று.

உலக வீரர்களுக்கே இந்தக் கதி. அவர்கள் பின்னால் ஹெலிகாப்டர் வருகிறது, டாக்டர் வருகிறார். கரட்டு மேட்டில் விழும் நம் ஊர் வாலிபருக்கு யார் வருவார்? செல்போனில் சிக்னல்கூட இருக்காது.

ஆகவே ஹெல்மெட், கண்ணாடி, கனமான பூட்ஸ், முழங்கால் முழங்கை காப்பு, மார்புக் கவசம் இவை அலங்காரம் இல்லை. முதலில் இவற்றை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் வண்டிக்கு வேலை செய்ய வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் பாடம். செருப்புப் போட்டுக்கொண்டு மண்ணில் இறங்குகிறவர் பாதம் மோட்டார் சைக்கிளுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கினால் பல மாதம் படுக்கைதான்.

தனியாகப் போகவே கூடாது. குறைந்தது 3 பேர். ஒருவன் விழுந்தால் ஒருவன் பக்கத்தில் இருக்கலாம், ஒருவன் ஆள் கூப்பிட ஓடலாம்.

சானமாவில் யார்?

இனி யானைக் கதைக்கு வருவோம்.

ஓசூரில் இருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில் வருகிறது சானமாவு காடு. நல்ல பச்சை. வளைந்து நெளிந்த மண் தடம். மண் வண்டிக்காரன் கண்ணில் பட்டால் கை துறுதுறு என்றுதான் இருக்கும். அங்கேதான் ஆபத்து.

கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டில் இருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் கிளம்பி வரும். மழைக் காலம் முடிந்து ராகி கதிர் பிடிக்கும் மாதங்கள்தான் அவற்றின் சீசன். வந்த கூட்டம் சானமாவு காட்டில், போடூர் பள்ளம் பக்கத்தில் முகாம் போடும். இது பெரிய காடு இல்லை. நாலு பக்கமும் வயலும் ஊரும் ரோடும் சூழ்ந்த துண்டுக் காடு. பகலில் யானைகள் உள்ளே மரத்தடியில் ஓய்வு எடுக்கும். இருட்டியதும் ரோட்டைக் கடந்து ராகி வயலுக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் போகும். விடிவதற்குள் திரும்பும்.

மண் வண்டிக்காரன் காட்டுக்குள் வரும் நேரம் எது? பகல். யானை உள்ளே இருக்கும் நேரமும் அதே பகல்தான்!

தப்ப முடியுமா?

"வண்டிதானே, முறுக்கினால் பறந்து விடலாம்" என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். கணக்குப் பாருங்கள். யானை மணிக்கு 24, 25 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். 100 மீட்டரை 15 விநாடியில் கடந்து விடும். கல்லும் வேரும் உள்ள காட்டுத் தடத்தில் மோட்டார் சைக்கிள் 15, 20 கிலோ மீட்டர் போனாலே பெரிது. தடம் குறுகல். வண்டியைத் திருப்பவே அரை நிமிடம் ஆகும். பதற்றத்தில் என்ஜின் நின்று போனால்? முன்னால் விழுந்து கிடக்கும் மரம் இருந்தால்?

தலையில் ஹெல்மெட். காதில் என்ஜின் சத்தம். மரக்கிளை முறியும் சத்தம் கேட்காது. யானையோ அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மூங்கில் மறைவில் அசையாமல் நிற்கும். பத்தடி நெருங்கிய பிறகுதான் தெரியும். குட்டி கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடி யாருக்கு?

அப்படியே வாலிபர் தப்பி வந்து விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கதை அதோடு முடிவது இல்லை. இதைத்தான் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் கூட்டம் என்ஜின் இரைச்சலில் மிரண்டு கலைந்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாக இருக்கும் வரை எங்கே இருக்கிறது என்று வனத்துறையினர் கண்காணிக்கலாம். பக்கத்துக் கிராமங்களுக்கு "ஆடு மாடு மேய்க்கப் போகாதீர்கள், விறகு பொறுக்கப் போகாதீர்கள்" என்று எச்சரிக்கலாம். நாலாகப் பிரிந்து விட்டால் அந்தக் கண்காணிப்பும் வீண், எச்சரிக்கையும் வீண். இரண்டு பகலிலேயே வயலில் இறங்கும். ஒன்று ராயக்கோட்டை ரோட்டில் பஸ்சுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அன்று இரவு பரண் மேல் டார்ச் லைட்டோடு ராகிக் காவல் இருக்கிறாரே விவசாயி, அவருக்கு இது தெரியாது. யானை வராத பக்கம் என்று நினைத்து அதிகாலையில் வயலுக்குப் போகிறவருக்கும் தெரியாது. ஓசூர் வட்டாரத்தில் யானை மிதித்துச் செத்தவர்கள் கதை இந்த ஊர் மக்களுக்குப் புதிது இல்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து, குளித்து, படுத்துத் தூங்கி விடுவார். அடி விழுவது ஊர்க்காரன் மேல்.

சட்டம் என்ன?

சானமாவு காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். வன விலங்கைத் துன்புறுத்தினால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும். "சும்மா போட்டோ எடுக்கத்தான் வந்தோம்" என்பது பதில் ஆகாது.

காட்டை விட்டு வெளியே வந்தாலும் சட்டம் விடாது. பொது ரோட்டில் பந்தயம் விடுவது குற்றம். சைலன்சரைக் கழற்றி விட்டு ஊரைக் கிழிக்கும் சத்தத்தோடு ஓட்டுவதும் குற்றம். பந்தயத்தில் ஓட்டும்போது வண்டி சேதமானால் சாதாரண இன்சூரன்சில் பணம் கிடைக்காது. பாலிசியின் பின் பக்கத்தைப் படித்துப் பார்த்தால் தெரியும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 18 வயது ஆகாத பையன் ரோட்டில் வண்டி எடுத்து மாட்டினால், 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி தகப்பனார் மேல் வழக்கு வரும். 25 ஆயிரம் ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயில். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "பய ஆசைப்பட்டான், கொடுத்துட்டேன்" என்று கோர்ட்டில் சொல்ல முடியாது!

எங்கே ஓட்டலாம்?

அப்படியானால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமா? தேவை இல்லை. வழி இருக்கிறது.

கர்நாடகத்தில் கோலார் பக்கத்தில் சி.எஸ்.சந்தோஷ் ஏற்படுத்திய மண் பயிற்சி மைதானம் உள்ளது. மேடு, பள்ளம், மணல், சேறு எல்லாம் அங்கே உண்டு. சொல்லிக் கொடுக்க ஆள் உண்டு. ஓசூர்க்காரர்களுக்கு அது எட்டாத தூரம் இல்லை. பந்தயத்தில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனத்திடம் போட்டி லைசென்ஸ் வாங்கி, முறைப்படி நடக்கும் சூப்பர்கிராஸ், ராலிகளில் இறங்கலாம். 2024-ம் ஆண்டு புனே, அகமதாபாத், பெங்களூர் நகரங்களில் மைதானத்துக்குள் மண் கொட்டிப் பந்தயம் நடத்தியபோது உலகத்தின் பல நாடுகளில் இருந்து வீரர்கள் வந்து ஓட்டினார்கள்.

சொந்த நிலம் இருக்கிறவர் அறுவடை முடிந்த நிலத்தில் ஓட்டலாம். சொந்தம் இல்லையா? நிலத்துக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "ஐயா, ஒரு மணி நேரம் ஓட்டிக்கொள்ளட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள், மீதிப் பேர் மோர் கொடுத்து அனுப்புவார்கள். கேட்காமல் வரப்பை உடைத்தால்தான் தகராறு. வெட்டிக் கைவிட்ட கல் குவாரி பக்கம் போகவே கூடாது. விளிம்பு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது.

இந்த மாவட்டத்தில் வண்டி செய்யக் கம்பெனிகள் இருக்கின்றன. ஓட்டிக் காட்டிய வீரர்களின் அணியும் இங்கே இருக்கிறது. ஓட்டத் துடிக்கும் வாலிபர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் 100 ரூபாய் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மண்ணில் ஓட்டிப் பார்க்கச் சாதாரண வாலிபனுக்குப் பொது மைதானம் வேண்டும். பயன்படாமல் கிடக்கும் நிலத்தில் காட்டை விட்டு விலகி ஓரிடம் ஒதுக்கி, சுற்றி வேலி போட்டு, ஒரு ஆம்புலன்சும் நிறுத்தினால் போதும். மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளும் மனசு வைத்தால் ஆகாத காரியம் இல்லை. கிரிக்கெட்டுக்கு மைதானம் இல்லாத ஊரில் பையன்கள் தெருவில் ஆடுகிறார்கள். மண் வண்டிக்கு மைதானம் இல்லாத ஊரில் காட்டுக்குள் போகிறார்கள். முந்தையதில் ஜன்னல் கண்ணாடிதான் உடையும். பிந்தையதில் உயிர் போகும்.

அதுவரை வாலிபர்கள் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் நுழையாதீர்கள். ராயக்கோட்டை ரோட்டில் சானமாவு காடு வந்தால் வேகத்தைக் குறைத்து, ஆரன் அடிக்காமல், நேராகப் போய்க்கொண்டே இருங்கள். யானை ரோட்டைக் கடந்தால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். செல்போனை எடுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள்.